வலது பக்கம் குண்டூசி, இடது பக்கம் மாவா

வரும் செவ்வாய்க்கிழமை என் மச்சான் ஏழுமலைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுப்பார்கள். அவன் வாய்க்குள்ளிருந்து கிள்ளி எடுத்த சின்னத் துண்டு சதையில் என்ன இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அதுவரை எனக்கு வேலை ஓடாது. நேற்று ஒரு பட்டு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். முப்பது வருஷத்தில் செய்யாத தப்பு. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு வந்ததையும் போனதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் வரிசையில் இருக்கும் மற்ற தையல்காரர்கள் படித்தால் போதும். படிக்க வராதவர்களுக்கு யாராவது படித்துச் சொல்லுங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தப்பெழுத்தை என் மகள் கீர்த்தனா திருத்தித் தருவாள். தரமணியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். விஷயத்தை மாற்றாதே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. ரவிக்கை மட்டும்தான் தைக்கிறோம். அளவு எடுப்பது, வெட்டுவது, லைனிங் துணியைப் பட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்திக் கொடுப்பது என் வேலை. மெஷினில் உட்காருவது ஏழுமலை. அவன் என் மனைவி விஜயாவின் தம்பி. இருபத்திரண்டு வருஷமாக ஒரே கடை, ஒரே டீ, ஒரே பொட்டலம்.

பொட்டலம் என்று சொன்னது மாவாவை. பாக்குச் சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும் போட்டு உள்ளங்கையில் தேய்த்துக் கன்னத்தில் ஒதுக்கிக் கொள்வது. எங்கள் தொழிலில் இது ஏன் வந்தது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. பட்டு இருக்கும் கடையில் பீடி, சிகரெட் பற்ற வைக்க முடியாது. ஒரு பொறி விழுந்தால் கல்யாணப் புடவைக்குப் பதில் சொல்ல வேண்டும். புகை வாசனை துணியில் ஏறினாலும் ஆட்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் இருபத்தைந்து வயதிலேயே நான் சிகரெட்டை விட்டுவிட்டேன். விட்டவன் என்று எனக்குப் பெருமை வேறு. வேலை செய்யும்போது வாயில் வலது பக்கம் குண்டூசிகள் இருக்கும், இடது பக்கம் மாவா இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டே அளவு சொல்லுவேன். ஒரு ஊசி கூட விழுங்கியதில்லை.

இவ்வளவுக்கும் நான் பயந்த ஆள். கேன்சர் என்ற சொல்லையே வீட்டில் யாரும் சொல்லக்கூடாது, "அந்த நோய்" என்றுதான் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் நம்புவேன். கறுப்பு கேரிபேக்கில் வந்த இட்லியைத் தூக்கிப் போட்டேன். பிளாஸ்டிக் கப்பில் டீ குடிக்க மாட்டேன், கடைக்கு என்று ஒரு எவர்சில்வர் டம்ளர். பிராய்லர் கோழி வீட்டுக்குள் வரக்கூடாது. செல்போனைத் தலைமாட்டில் வைக்கக்கூடாது என்று ராத்திரியில் அரிசி டின் மேல் வைத்துவிடுவேன். எதிர் மாடியில் டவர் வைக்க வந்தபோது சந்து முழுக்கக் கையெழுத்து வாங்கியவன் நான்தான். வாங்கும்போதும் இடது கன்னத்தில் மாவா இருந்தது.

போன வருஷம் ஐப்பசியில், தீபாவளி வேலை நெருக்கத்தில், கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. ஊசி குத்தியிருக்கும் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு வாய்ப்புண் வந்தால் வேறு காரணமே தோன்றாது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். நெய் தடவினேன். மருந்துக் கடையில் மஞ்சள் மாத்திரை வாங்கிப் போட்டேன். ஆறும் போல இருக்கும், ஆறாது. காரம் பட்டால் உயிர் போகும். ஏழுமலையும் பார்த்துவிட்டு, "ஊசிதான் மாமா. துருப்புடிச்ச ஊசியா இருக்கும், பாக்ஸ மாத்து" என்றான். பாக்ஸை மாற்றினேன்.

நான்கு மாதம் இப்படியே போனது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் பட்டன், ஹூக் வாங்கப் போனபோது கீர்த்தனா கூட வந்தாள். பாண்டி பஜாரில் பானி பூரி வாங்கிக் கொடுத்தாள். பூரி எனக்கு வாய்க்குள் போகவில்லை. பல்லில் இடித்துச் சட்டை முழுக்கத் தண்ணீர்.

"அப்பா, வாய நல்லாத் தொறங்க."

"தொறந்துதாம்மா இருக்கேன்."

அவள் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

சீட்டு வாங்க ஒரு வரிசை, பார்க்க ஒரு வரிசை. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்களின் கன்னத்தையும் கழுத்தையும் பார்க்கக்கூடாது என்று என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சின்ன வயது லேடி டாக்டர்.

"சிகரெட், பீடி, குடி, ஏதாவது பழக்கம் இருக்காய்யா?"

"ஒண்ணுமே கெடையாதும்மா. பிளாஸ்டிக் கப்புல டீ கூடக் குடிக்க மாட்டேன்."

அவர் மரக் குச்சியால் கன்னத்தை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லின் கறையைப் பார்த்தார்.

"பாக்கு போடுவீங்களா?"

"பாக்கு போடுவேன். அது பழக்கம் இல்லம்மா, வேல நேரத்துல சும்மா."

"புகையிலை சேர்ந்ததா?"

"மாவா."

"இந்தப் புண்ணு எப்படி வந்துச்சுன்னு நினைக்கறீங்க?"

"ஊசி குத்திதாம்மா. நாங்க டெய்லர். குண்டூசிய வாயிலதான் வெச்சுக்குவோம்."

"எந்தப் பக்கம் வெச்சுக்குவீங்க?"

"வலது பக்கம்."

"மாவா?"

"இடது பக்கம்."

"புண்ணு எந்தப் பக்கம் இருக்கு?"

நாக்கு தானாக இடது கன்னத்துக்குப் போனது. கால் இஞ்ச் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லுகிறவன் நான். நாலு மாதமாக வலது எது இடது எது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற கீர்த்தனா என் தோளில் கை வைத்தாள்.

டாக்டர் என் கையிலேயே மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். சாதாரணமாக எல்லோருக்கும் மூன்று விரல் போகுமாம். எனக்கு ஒன்றரைக்கு மேல் போகவில்லை. பாக்கு வருஷக்கணக்காக ஊறி உள்சதையை நார் மாதிரி இறுக்கிவிட்டது என்று சொன்னார். ஸ்கேல் வைத்து அளந்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் 2.2 சென்டிமீட்டர் என்று சீட்டில் எழுதினார். புண்ணில் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும், அதற்கு பயாப்சி என்று பெயர், நாளை மறுநாள் காலையில் வாருங்கள் என்றார்.

அந்த நாளில் நான் போனேன். டோக்கனும் வாங்கினேன். அப்போது ஏழுமலை போன் செய்தான்.

"மாமா, கத்தி வெக்க வுடாத. நம்ம சிந்தாதிரிப்பேட்ட பெரியப்பா நெனப்பு கீதா? நல்லாத்தான் இருந்தாரு. துண்டு எடுத்தானுங்க, மூணே மாசம். கத்தி பட்டாத்தான் அது பரவும். வுட்டுட்டு வா."

பாத்ரூம் போகிறேன் என்று கீர்த்தனாவிடம் சொல்லிவிட்டு, டோக்கனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டேன். அவள் ஆஸ்பத்திரி முழுக்கத் தேடியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மூன்று வாரம் என்னவெல்லாம் செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முள்சீத்தா இலையைக் காய்ச்சிக் குடித்தேன். பீட்ரூட் சாறு குடித்தேன். சர்க்கரையை நிறுத்தினால் அது பட்டினியில் செத்துவிடும் என்று ஒருவர் அனுப்பிய செய்தியை நம்பி டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். மாவாவைப் பாதியாகக் குறைத்தேன். முழுசாக நிறுத்தவில்லை, அது மட்டும் கை வரவில்லை. ஜாதகம் பார்த்தவர் வைகாசி வரை நேரம் சரியில்லை என்றார். அப்படியானால் வைகாசிக்கு அப்புறம் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பழைய வாடிக்கை மைதிலி மாமி. மகன் கல்யாணத்துக்கு ஆறு ரவிக்கைத் துணி கொடுத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் கடை வாசலில் நின்று ஆறுதல் சொன்னார்.

"நம்ம கைல என்ன இருக்கு சொல்லுங்கோ மாஸ்டர். எல்லாம் பூர்வ ஜென்மக் கணக்கு. எங்காத்துல என் மாமனார் வெங்காயம் பூண்டு தொடமாட்டார், வெளில ஒரு வாய் காபி குடிக்கமாட்டார். அவருக்கு வந்துடுத்து. பக்கத்தாத்து மனுஷர் பாக்கெட் பாக்கெட்டா ஊதிண்டு இன்னிக்கும் பீச்சுல வாக்கிங் போயிண்டிருக்கார்."

"அப்டி சொல்லுங்க மாமி" என்று மெஷினிலிருந்து ஏழுமலை குரல் கொடுத்தான். "வர்றது வந்துக்கினுதான் இருக்கும். நம்ம பொழப்ப நாம பாக்கணும்." சொல்லிவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கினான்.

கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. விதி என்று சொல்லிவிட்டால் நாளைக்கு வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட வழக்கம், எதையும் அளந்து பார்ப்பது. கழுத்தில் டேப் எப்போதும் தொங்குகிறது. டாக்டர் சென்டிமீட்டரில் எழுதியதால் டேப்பின் மறுபக்கத்தைத் திருப்பி, தினம் காலையில் கடையைத் திறந்ததும் கண்ணாடி முன்னால் நின்று வாயை அளந்தேன். அளவு நோட்டில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் என் பெயருக்கு ஒரு பக்கம் போட்டேன். மார்பு, இடுப்பு, கைநீளம் எதுவும் இல்லை. வாய் என்று மட்டும். முதல் வாரம் 2.2. அடுத்த வாரம் 2.1. மூன்றாவது வாரம் 1.9. புண் இருந்த இடத்தில் விரல் வைத்தால் ஓரம் தடித்திருந்தது.

அந்த 1.9 அன்று நோட்டில் என் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தேன். இன்னும் யாரும் கத்தி வைக்கவில்லை. கத்தி படாமலேயே அது பரவிக்கொண்டிருந்தது.

பையில் இருந்த பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டேன். கீர்த்தனாவுக்குப் போன் செய்து, "அம்மாடி, நாளைக்கு லீவு கெடைக்குமா?" என்று கேட்டேன். "ரெண்டு வாரமா லீவு சொல்லிதான் வெச்சிருக்கேன்பா. நீங்க கேட்டாப் போதும்னு" என்றாள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பெரியப்பா கதையைச் சொல்லி, கத்தியைப் பற்றி நானே கேட்டேன்.

"எல்லாரும் முத்தினப்புறம் வர்றாங்கய்யா. அப்பதான் துண்டு எடுக்கறோம், அப்பதான் ஆபரேஷன் பண்றோம். காப்பாத்த முடியாமப் போகுது. வீட்ல உள்ளவங்க கடைசியாப் பாத்தது கத்திய. அதனால கத்தி மேல பழி. உங்க பெரியப்பாவுக்கு எத்தனை மாசமாப் புண்ணு இருந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க."

கேட்டேன். ஒன்றரை வருஷம் மூடி மறைத்திருக்கிறார் என்று விஜயாதான் சொன்னாள்.

துண்டு எடுத்தது ஐந்து நிமிஷம். மரத்துப்போக ஒரு ஊசி, ஒரு கிள்ளு, ஒரே ஒரு தையல். வலித்ததை விட நான் பயந்ததுதான் அதிகம். பத்து நாளில் தாள் வந்தது. கேன்சர்தான். தொட்டுப் பார்த்தவரை இரண்டாம் கட்டம் என்றார் டாக்டர். அதாவது கன்னத்தோடு நிற்கிறது, கழுத்தில் நெறி கட்டுகிற இடங்களுக்கு இறங்கினதாகத் தெரியவில்லை. வெளியே வந்து விஜயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அந்த நோய் என்று சொல்லாமல் கேன்சர் என்று வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அப்புறம் ஸ்கேன், ரத்தம், நெஞ்சுப் படம், மயக்க மருந்து டாக்டரிடம் தகுதிச் சீட்டு. அரசுக் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவு முக்கால்வாசி அதில் போனது. ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது என்னை யாரும் தனியாக விடவில்லை. நான் இன்னொரு முறை ஓடிவிடுவேன் என்று விஜயா என் செருப்பைத் தன் பையில் போட்டு வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். புண்ணை மட்டும் எடுத்தால் போதாது, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும், அந்த ஓரம் சுத்தமாக இருந்தால்தான் நிம்மதி என்றார்.

"தையலுக்கு ஓரம் வுடற மாதிரி" என்றேன்.

"அதேதான்."

எடுத்த இடத்தில் பள்ளம் இருக்குமே என்று கேட்டேன். மார்புச் சதையில் ஒரு பகுதியை ரத்தக் குழாயோடு திருப்பிக் கொண்டுவந்து கன்னத்துக்குள் வைத்துத் தைப்போம் என்றார். ஒட்டுப் போடுவது. துணி வேறு, நிறம் வேறு, ஆனால் ஆள் அதே ஆள்தானே, பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் போய்விடவில்லை. ஆனால் என்ன செய்யப் போகிறார்கள் என்று புரிந்த பிறகு அந்தப் பயத்துக்கு ஒரு அளவு இருந்தது.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு குழாய், மார்பில் கட்டு. மூக்குக் குழாய் சாப்பாட்டுக்கு, கழுத்துக் குழாய் கெட்ட நீர் வடிய. பேச முடியாது. இரண்டு வாரம் கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர் எல்லாம் குழாய் வழியாகத்தான். ஒரு பருக்கை போனாலும் அடைத்துக்கொள்ளும். விஜயா கடையிலிருந்து புது டூ பை டூ லைனிங் துணி ஒரு மீட்டர் எடுத்துவந்து, கஞ்சி போகத் துவைத்து, அதில் மூன்று தடவை வடிகட்டுவாள். டீ வடிகட்டியை நம்பமாட்டாள். "உங்க துணிதான் நைசு" என்பாள். தாள் வந்த அன்று அழுததோடு சரி, அப்புறம் ஆஸ்பத்திரியில் அவள் அழவில்லை. பக்கத்துக் கட்டில் ஆட்களுக்கும் சேர்த்து வடிகட்டிக் கொடுத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் மேற்கு மாம்பலம் கிருஷ்ணமூர்த்தி சார். பாங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவருக்கு நாக்கில். பாக்கு இல்லை, புகையிலை இல்லை, குடி இல்லை, சைவம், தினம் நாலு கிலோமீட்டர் நடை. அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். "உங்களுக்கா? நீங்க என்ன சார் பண்ணீங்க?" ஏதோ திருட்டுத்தனமாகச் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி. அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அவருக்கும் பேச்சு இல்லை, எனக்கும் இல்லை. அவர் மருமகள் இரண்டு சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி எழுதிக் காட்டிக்கொள்வோம். நான் ஒருநாள் எழுதினேன்: "உங்களுக்கே வந்தது. அப்ப இது விதிதானா சார்?"

அவர் யோசித்து எழுதினார். அழகான கையெழுத்து. "எனக்கு ஏன் வந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. உங்களுக்கு ஏன் வந்தது என்று தெரியும். நீங்கள் கொடுத்து வைத்தவர்."

நான் கோபத்தோடு சிலேட்டைத் துடைத்தேன். அவர் விடவில்லை. மறுபடி எழுதி என் பக்கம் நீட்டினார்.

"நான் என் பிள்ளைக்கு எதை நிறுத்து என்று சொல்வேன்? உங்களால் சொல்ல முடியும்."

அன்று சாயங்காலம் ஏழுமலை பார்க்க வந்தான். என் தலைமாட்டில் குனிந்தான். "எல்லாம் நம்ம தலையெழுத்து மாமா" என்றான். அவன் வாயிலிருந்து மாவா வாசனை என் மூக்குக் குழாய்ப் பக்கம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அதற்கு ஒரு வாசனை உண்டு என்றே எனக்குத் தெரிந்ததில்லை. நான் சிலேட்டில், "உனக்கு எந்தப் பக்கம்?" என்று எழுதினேன். படித்தான். என் காலைப் பிடித்துவிட்டுப் போய்விட்டான்.

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். என் வாய் திரும்ப வந்தால், முதல் வேலை அவன் வாயைத் திறக்க வைப்பது.

எடுத்த சதையைச் சோதித்த தாள் வந்தது. ஓரம் சுத்தம். கழுத்து நெறிகளிலும் இல்லை. கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, தேவையில்லை, ஆனால் மாதா மாதம் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் பெரிய வேலை வாயைத் திறப்பதுதான். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, தாங்க முடிகிற வரை வைத்திருந்து, ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். ஏழு குச்சியில் ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வரும். விஜயா எதிரில் உட்கார்ந்து நூறு வரை எண்ணுவாள், என்னை ஏமாற்றி நடுவில் மெதுவாக எண்ணுவாள். நோட்டில் 1.5, 1.8, 2.4 என்று ஏறியது. இப்போது 3.1. பானி பூரி இன்னும் முழுசாகப் போகாது. உடைத்துத் தின்கிறேன்.

வைகாசியில் கடைக்குத் திரும்பினேன். ஜோசியர் சொன்ன நேரமும் அதுதான், அவர் பெயர் வாங்கிக்கொண்டார். பேச்சு கொஞ்சம் குழறும், வாடிக்கையாளர்கள் பழகிக்கொண்டார்கள். குண்டூசியை வாயில் வைப்பதில்லை. கீர்த்தனா மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற பஞ்சுமெத்தை ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மைதிலி மாமி ஆறு ரவிக்கைத் துணியையும் திரும்ப வாங்கிப் போய், வேறு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தார். மகன் கல்யாணத்தைப் பழைய ரவிக்கையிலேயே நடத்திவிட்டாராம். "நீங்க வெட்டினாத்தான் நேக்குப் பிடிக்கும்" என்றார். அன்றும் கிளம்பும்போது, "எல்லாம் அவா அவா கர்மா மாஸ்டர், தப்பிச்சேளே, அதுவும் கர்மாதான்" என்றார்.

"மாமி, ஒரு ரவிக்க மொதல்ல எங்க நைஞ்சு போவும்?" என்று கேட்டேன்.

"கம்மங்கூட்டுலதான்."

"ஏன்?"

"வேர்வை. தினம் அங்கயே நின்னுண்டிருக்குமே."

"சில துணி நூல்லயே பழுது. புதுசாவே கிழிஞ்சுடும். எங்க கிழியும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்கு வேணா விதின்னு பேரு வெய்ங்க, நான் ஒண்ணும் சொல்லல. என்னுது கம்மங்கூடு மாமி. இருவத்திரண்டு வருசம் நானே ஊற வெச்சேன்."

மாமி தன் அக்குளைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். ஏழுமலை பாபினை மாற்றுகிற மாதிரி குனிந்திருந்தான். பாபினில் நூல் இருந்தது.

அவனைத் திட்டியும் பார்த்தேன், விஜயா அழுதும் பார்த்தாள். "வுட்டுட்டேன் மாமா" என்பான். வெளியே போய்ப் போட்டுக்கொண்டு வருவான். ஆனால் புரட்டாசியிலிருந்து அவன் டீக்கடை மிளகாய் பஜ்ஜியைத் தொடவில்லை. இட்லிக்கு வடகறியை விட்டுச் சர்க்கரை தொட்டுக்கொண்டான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்கு ஒரு சட்டை நானே வெட்டித் தைத்துக் கொடுப்பேன். எத்தனை வருஷம் தைத்தாலும் புதுசாக அளவு எடுப்பது எங்கள் வழக்கம். இந்த ஐப்பசியிலும் கூப்பிட்டேன். எழுந்து வந்து நின்றான். தோள், மார்பு, கை, கழுத்து. கையைத் தூக்கு என்றால் தூக்கினான், மூச்சை விடு என்றால் விட்டான். டேப் மேலே பட்டுவிட்டால் யாராக இருந்தாலும் சொன்னபடி நிற்பார்கள்.

"வாயத் தொற."

திறந்துவிட்டான். திறந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நான் டேப்பை மறுபக்கம் திருப்பிப் பல்லுக்கு நடுவில் வைத்துவிட்டேன். 2.6. இடது கன்னத்தில், என் புண் இருந்த அதே இடத்தில், சுண்ணாம்பு பூசினது மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. துடைத்தாலும் போகவில்லை.

"நோட்ல எழுதாத மாமா" என்றான்.

"எழுதிட்டேன்."

சட்டைத் துணியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அக்காகிட்ட சொல்லாத" என்றான். அக்காவிடம்தான் முதலில் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை நானும் விஜயாவும் அவனைக் கூட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே டாக்டர் பார்த்தார். இது இன்னும் கேன்சராக மாறவில்லை போலத்தான் தெரிகிறது, ஆனால் கண்ணால் சொல்ல முடியாது, துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். எதுவாக இருந்தாலும் நீங்கள் சீக்கிரம் வந்திருக்கிறீர்கள் என்றார். டோக்கன் வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் டோக்கன் வைத்துவிட்டு ஓடிய ஜன்னல் எதிரிலேயே இருந்தது. ஏழுமலையின் செருப்பு விஜயாவின் பையில் இருந்தது.

அவன் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது, மெஷின் மிதிக்கிற மாதிரி.

"மாமா. நெஜமாச் சொல்லு. கத்தி பட்டா பரவுமா?"

நான் அவன் பக்கம் திரும்பி, முடிந்த மட்டும் வாயைத் திறந்தேன். 3.1. போனில் டார்ச்சைப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். இதுவரை அவனுக்கு நான் காட்டியதில்லை, அவனும் பார்க்க வந்ததில்லை. கன்னத்துக்குள் மார்புத் தோல் ஒட்டு, அதன் ஓரத்தில் சுற்றிவர ஓடுகிற தழும்பு. முதலில் முகத்தைச் சுளித்தான். அப்புறம் தொழில்காரன் கண் வந்தது. தலையைச் சாய்த்து, ஓரத்தோடு ஓரமாக வெளிச்சத்தை நகர்த்தி, ஒரு சுற்று முழுசாகப் பார்த்தான்.

"சுருக்கமே இல்ல மாமா" என்றான். "தையல் நல்லா கீது."

உள்ளே அவன் நம்பரைக் கூப்பிட்டார்கள். போனை என் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு எழுந்து போனான்.